ஒரு டாலர் சொட்டு மருந்து: ரோட்டா வைரஸின் கணக்கு வழக்கு

காலரா என்றால் எல்லோருக்கும் தெரியும். போலியோ தெரியும். டெங்குவும் சிக்குன்குனியாவும் டீக்கடை பெஞ்சு வரைக்கும் பிரபலம். ஆனால் ரோட்டா வைரஸ் என்று சொன்னால் பலருக்கு ஒன்றும் தோன்றாது. இத்தனைக்கும் இந்த வரிகளைப் படிக்கும் அனேகமாக எல்லோருக்குமே ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது அது வந்து போயிருக்கும். வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். "பல்லு முளைக்குது, அதான் போகுது" என்பார் பாட்டி. "யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்பார் அத்தை. உண்மையில் குழந்தையின் சிறுகுடலுக்குள் சக்கர வடிவில் ஒரு கிருமி வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் லேசான காய்ச்சல், வாந்தி. அப்புறம் தண்ணீராகப் பேதி. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் இது மோசமாக அடிக்கும். பெரும்பாலான குழந்தைகள் நான்கைந்து நாளில் தேறிவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் உடம்பிலிருக்கும் நீர் மளமளவென்று வற்றிப்போய், உச்சிக்குழி உள்வாங்கி, கண் செருகிவிடும். அப்போது பக்கத்தில் டிரிப்ஸ் ஏற்ற ஓர் இடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் பிழைப்பதையும் பிழைக்காததையும் முடிவு செய்யும்.

"அதற்குத்தான் உப்பு சர்க்கரைக் கரைசல் இருக்கிறதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1971-ல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரத்தில் உள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, திலீப் மஹலானபிஸ் என்ற கல்கத்தா டாக்டர் டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில் டிரம்மில் கரைசலைக் கலக்கி வைத்து, அகதிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை போய்க்கொண்டிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. (அது தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டிய கதை.) ரோட்டாவுக்கும் முதல் வைத்தியம் அந்தக் கரைசல்தான். சிக்கல் என்னவென்றால், ரோட்டா முதலில் வாந்தியோடு ஆரம்பிக்கிறது. ஸ்பூனில் கொடுத்ததெல்லாம் அப்படியே வெளியே வந்துவிட்டால் கடைசியில் ஊசி, டிரிப்ஸ், மருத்துவமனைக் கட்டில் என்றுதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பேதி நோய்களிலேயே மருத்துவமனைக் கட்டிலை அதிகம் பிடித்துக்கொண்ட நோய் என்று இது பெயர் வாங்கியது அதனால்தான்.

இன்னொரு விஷயம். காலராவைப் போல இது அழுக்குத் தண்ணீரோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. மிகச் சில வைரஸ் துகள்களே ஒரு குழந்தைக்குத் தொற்றப் போதும். கையில், பொம்மையில், கதவுக் கைப்பிடியில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். குழாயில் சுத்தமான தண்ணீர் வரும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட அனேகமாக எல்லாக் குழந்தைக்கும் வந்தது. தொற்றுவதில் பணக்காரன், ஏழை என்ற வித்தியாசமே பார்க்காத வைரஸ் இது. கொல்வதில் மட்டும் பார்த்தது!

ஒன்பது குழந்தைகளில் ஆறு

1970-களின் தொடக்கம் வரை, குழந்தைகளுக்கு வரும் பேதியில் பெரும்பகுதிக்கு என்ன காரணம் என்றே தெரியாது. மலத்தைச் சோதித்தால் பாக்டீரியா எதுவும் தென்படாது. காரணம் தெரியாத பேதி என்று எழுதிவிட்டு டிரிப்ஸ் ஏற்றுவார்கள்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரின் ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் ரூத் பிஷப் என்ற நுண்ணுயிரியலாளர் இந்தப் புதிரைத்தான் துரத்திக்கொண்டிருந்தார். 1973-ல் அவரும் சகாக்களும் பேதியால் அவதிப்பட்ட ஒன்பது குழந்தைகளின் சிறுகுடல் உட்சுவரிலிருந்து துளியூண்டு திசுவை எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒன்பதில் ஆறு பேரின் திசுவில் வைரஸ் துகள்கள். அந்த வருடமே லான்செட் இதழில் கட்டுரை வந்தது. கொஞ்ச நாளிலேயே குடலைக் கிள்ள வேண்டிய அவசியமே இல்லை, மலத்திலேயே கோடிக்கணக்கில் இருக்கிறது என்று தெரிந்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் ஃப்ளூவெட், ஆரங்கள் வைத்த சக்கரம் போல இருக்கிறதே என்று லத்தீன் மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' என்ற சொல்லை அதற்குப் பெயராக வைக்கலாம் என்றார். அது நிலைத்துவிட்டது.

ரூத் பிஷப் 2022-ல் காலமானார். அவர் கண்டுபிடித்த இன்னொரு விஷயமும் இந்தக் கதைக்கு முக்கியம். மெல்போர்ன் பிரசவ வார்டுகளில் பிறந்து சில நாளே ஆன பச்சைக் குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றியிருந்தது. ஆனால் பேதியே இல்லை. அப்படித் தொற்றிய குழந்தைகளுக்குப் பின்னாளில் ரோட்டா வந்தபோது கடுமையாகவும் இல்லை. 1983-ல் வெளிவந்த இந்தக் கவனிப்பை இங்கேயே நிறுத்திவைப்போம். டெல்லிக்குப் போகும்போது மறுபடி தேவைப்படும்.

ஒரே நோய், இரண்டு பேரேடு

சரி, நோய் தெரிந்துவிட்டது. தடுப்பு மருந்து கண்டுபிடிக்க யார் பணம் போடுவார்கள்? காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சுவாரசியமான இடம் இதுதான்.

தடுப்பு மருந்து வருவதற்கு முன் அமெரிக்காவில் ரோட்டாவால் வருடத்துக்கு 55,000 முதல் 70,000 குழந்தைகள் வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எமர்ஜென்சிக்கு ஓடியவர்கள் 2 லட்சத்துக்கு மேல். டாக்டரைப் பார்த்தவர்கள் சுமார் 4 லட்சம். இறந்தவர்கள்? வருடத்துக்கு 20 முதல் 60 குழந்தைகள். மொத்தச் செலவு மட்டும் சுமார் 100 கோடி டாலர்.

இந்தியாவில் 2009-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி வருடத்துக்கு 4,57,000 முதல் 8,84,000 குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். வெளிநோயாளிகளாக வந்தவர்கள் சுமார் 20 லட்சம். மருத்துவச் செலவு 200 கோடி முதல் 340 கோடி ரூபாய். இறந்தவர்கள் 1,22,000 முதல் 1,53,000 வரை.

இரண்டு பத்தியையும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு குழந்தை இறக்கும் இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கட்டிலில் படுத்துப் பிழைத்தார்கள். இங்கே ஒரு குழந்தை இறந்தால் நான்கைந்து குழந்தைகளுக்குத்தான் கட்டில் கிடைத்திருக்கிறது. அதாவது அமெரிக்காவுக்கு ரோட்டா என்பது செலவு வைக்கிற நோய். இந்தியாவுக்கு அது சாவு வைக்கிற நோய். இதில் கொடுமை, மருத்துவமனைக்கே வராமல் வீட்டிலேயே இறந்துபோகும் குழந்தை அரசாங்கத்தின் சுகாதாரக் கணக்கில் ஒரு பைசா செலவுகூட வைப்பதில்லை. பேரேட்டில் அந்த வரி காலி. செலவை மட்டும் பார்த்து ஒரு நோயின் பாரத்தை அளந்தால், மருத்துவ வசதி இல்லாத ஊரில் நோயே இல்லை என்று கணக்கு வரும்!

கணக்கில் வராத இன்னொரு செலவும் இருக்கிறது. நான்கு நாள் குழந்தையோடு வார்டில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு நான்கு நாள் கூலி போச்சு. கூடத் துணைக்கு வந்தவருக்கும் போச்சு. ஊரிலிருந்து வாடகைக் கார், வெளியில் வாங்கிய மருந்து, சாப்பாடு, வீட்டில் விட்டுவிட்டு வந்த மற்ற பிள்ளைகள்... அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் இலவச வைத்தியத்துக்காகக் கம்மலை அடகு வைத்த குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம்.

இந்த விஷயத்தை 1998-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. ரோட்டா சொட்டு மருந்து ஒரு டோஸ் 20 டாலர் என்று வைத்துக்கொண்டு நாடு முழுக்கக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். மருத்துவத் துறையின் பேரேட்டில் 10.7 கோடி டாலர் நட்டம். பெற்றோர் இழக்கும் வேலை நாட்களையும் சேர்த்து மொத்தச் சமுதாயத்தின் பேரேட்டில் பார்த்தாலோ, 29.6 கோடி டாலர் லாபம்! பிரேக் ஈவன் விலை மருத்துவத் துறைக்கு டோஸுக்கு 9 டாலர். சமுதாயத்துக்கு 51 டாலர். மருந்து ஒன்றுதான், நோய் ஒன்றுதான், வருடமும் ஒன்றுதான். யாருடைய நோட்டில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விலை ஐந்து மடங்குக்கு மேல் மாறுகிறது. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் சொல்லித்தர இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பதினான்கு மாதம் வாழ்ந்த மருந்து

அந்த ஆய்வு வெளிவந்த 1998-லேயே முதல் ரோட்டா தடுப்பு மருந்துக்கு அனுமதியும் கிடைத்தது. பெயர் ரோட்டாஷீல்ட். கம்பெனி வையத். அதன் பின்னணியில் இருந்தவர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆல்பர்ட் கபிகியான்.

கபிகியானின் யோசனை ஜென்னர் காலத்து யோசனைதான். பசு அம்மையைக் கொடுத்துப் பெரியம்மையைத் தடுத்த மாதிரி, குரங்கின் ரோட்டா வைரஸைக் கொடுத்து மனித ரோட்டாவைத் தடுப்பது. இதற்கு வைரஸின் அமைப்பே வசதியாக இருந்தது. ரோட்டாவின் மரபுப் பொருள் ஒரே நீளமான சரமாக இல்லை. பதினொரு தனித்தனித் துண்டுகள். ரம்மியில் சீட்டு மாற்றுகிற மாதிரி, இரண்டு வைரஸை ஒரே செல்லுக்குள் விட்டால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். குரங்கு வைரஸின் கட்டில் மனித வைரஸின் மேலுறைச் சீட்டை மட்டும் செருகினால், நோய் உண்டாக்காத, ஆனால் மனித வைரஸ் போலவே வேஷம் போடுகிற ஒரு கலப்பு கிடைக்கும். அதைத்தான் வாய் வழியாகக் கொடுத்தார்கள்.

1998 ஆகஸ்ட் 31-ல் அனுமதி. அமெரிக்காவில் பரவலாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1999 ஜூலைக்குள் 15 குழந்தைகளுக்குக் குடல் செருகல் வந்ததாகப் புகார் பதிவானது. குடலின் ஒரு பகுதி, டெலஸ்கோப்பை மடக்குகிற மாதிரி இன்னொரு பகுதிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் நிலை அது. உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார்கள். ஆராய்ந்ததில் தொடர்பு உண்மை என்று உறுதியானது. சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு என்று பிற்பாடு கணக்கு சொன்னார்கள். அக்டோபரில் பரிந்துரை வாபஸ். மருந்து சந்தையை விட்டே போனது. பதினான்கு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

அமெரிக்காவைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. வருடத்துக்கு 20 முதல் 60 சாவைத் தடுக்க, நூற்றுக்கணக்கான ஆரோக்கியமான குழந்தைகளுக்குக் குடல் செருகலை வரவழைப்பதை எந்தப் பெற்றோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அதே கணக்கை இந்தியாவிலோ மலாவியிலோ போட்டுப் பாருங்கள். இருநூறு குழந்தைகளில் ஒன்று ரோட்டாவால் சாகிற இடத்தில், பத்தாயிரத்தில் ஒன்று என்ற ஆபத்து எங்கே நிற்கும்? 2000-ல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றிப் பேச நிபுணர்களைக் கூட்டியது. ஏழை நாடுகளில் இந்த மருந்தைச் சோதிப்பதே நியாயம் என்று சிலர் வாதாடினார்கள். அறிவியல் அவர்கள் பக்கம் இருந்தது. ஆனால் எந்த நாட்டுச் சுகாதார மந்திரி தன் மக்களிடம் போய், "அமெரிக்கா தன் குழந்தைகளுக்கு ஆகாது என்று தூக்கிப் போட்டதை நம் குழந்தைகளுக்கு வாங்கி வந்திருக்கிறேன்" என்று சொல்வார்? சொன்னால் அடுத்த தேர்தலில் நிற்க முடியுமா? அந்த வாதம் அங்கேயே முடிந்துபோனது. அதே மருந்தைப் பின்னாளில் கானாவில் பச்சைக் குழந்தைகளுக்குச் சோதித்தபோது 63 சதவீதம் பலன் கிடைத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

2003-ல் வெளியான மதிப்பீட்டின்படி உலகத்தில் வருடத்துக்கு 4,40,000 குழந்தைகள் ரோட்டாவால் இறந்துகொண்டிருந்தார்கள். ரோட்டாஷீல்டுக்கும் அடுத்த மருந்துகளுக்கும் நடுவே ஐந்தாறு வருடம் ஓடியது. மருந்தை நிறுத்தியதால் வந்த சாவு என்று ஒரு பத்தி எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. மருந்தால் வந்த பதினைந்து குடல் செருகலுக்கு மட்டும் ஃபைல் நம்பர் இருந்தது.

எழுபதாயிரம் குழந்தைகள்

அடுத்து வந்த கம்பெனிகளுக்கு ஒரு புதுத் தலைவலி. பத்தாயிரத்தில் ஒன்று என்கிற ஆபத்து தங்கள் மருந்தில் இல்லை என்று காட்ட ஆயிரம் குழந்தைகளிடம் சோதித்தால் போதாது. மெர்க் கம்பெனியின் ரோட்டாடெக் சுமார் 70,000 குழந்தைகளிடமும், ஜிஎஸ்கே கம்பெனியின் ரோட்டாரிக்ஸ் 63,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடமும் சோதிக்கப்பட்டன. மருந்துச் சோதனை வரலாற்றிலேயே மிகப் பெரியவற்றில் சேர்ந்தவை இவை. 2006 ஜனவரியில் இரண்டின் முடிவும் ஒரே இதழில் வெளிவந்தன. இரண்டுமே பாதுகாப்பு, பணக்கார நாடுகளிலும் லத்தீன் அமெரிக்காவிலும் கடுமையான ரோட்டாவை 85 சதவீதமோ அதற்கு மேலோ தடுத்தன. (மிகச் சிறிய குடல் செருகல் ஆபத்து இவற்றுக்கும் உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் ரோட்டாஷீல்டைவிட வெகு குறைவு.)

மெக்சிகோ 2006-2007-ல் ரோட்டாரிக்ஸைத் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. 2008-ல் அங்கே குழந்தைகளின் பேதிச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. காகிதத்தில் சொன்னது நிஜத்தில் நடந்தது.

ஆனால் விலை? அத்தனை பெரிய சோதனைக்கு ஆன செலவை யாராவது கொடுத்தாக வேண்டுமே. 2006-ல் ரோட்டாடெக் மூன்று டோஸும் சேர்த்து அமெரிக்காவில் 187.50 டாலர். அன்றைய மதிப்பில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் இரண்டரைக் கோடிக் குழந்தைகள் பிறக்கும் காலம் அது. சும்மா ஒரு வாய்க்கணக்காகப் பெருக்கினால் இருபதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டும். நாட்டின் மொத்த ரோட்டா மருத்துவச் செலவே 340 கோடிக்குள். இதை எந்த நிதி அமைச்சகம் ஒத்துக்கொள்ளும்? ஆக, காசு கொடுத்துத் தனியார் டாக்டரிடம் போட்டுக்கொள்ள முடிந்த குழந்தைகளுக்கு மட்டும் ரோட்டா மருந்து கிடைத்தது. அந்தக் குழந்தைகள் ரோட்டாவால் சாகும் வாய்ப்பு ஏற்கெனவே குறைவு!

டெல்லிப் பிரசவ வார்டு

இப்போது மெல்போர்னில் நிறுத்திய இடத்துக்கு வருவோம். 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் மகராஜ் கிஷன் பான் என்ற குழந்தை மருத்துவர், தன் மருத்துவமனையில் பிறந்த பச்சைக் குழந்தைகளிடமும் அதே அதிசயத்தைப் பார்த்தார். வைரஸ் இருக்கிறது, நோய் இல்லை. பின்னாளில் பாதுகாப்பும் இருக்கிறது. சோதித்ததில் அது மாட்டு ரோட்டாவிலிருந்து ஒரு துண்டை இயற்கையாகவே வாங்கிக்கொண்ட மனித வைரஸ் என்று தெரிந்தது. கபிகியான் ஆய்வகத்தில் கஷ்டப்பட்டுச் செய்த சீட்டு மாற்றத்தை டெல்லிப் பிரசவ வார்டில் இயற்கை தானாகவே செய்து வைத்திருந்தது. அந்த வைரஸுக்கு 116-இ என்று பெயர். பெங்களூரிலும் இந்திய அறிவியல் கழகத்தினர் இதே மாதிரி ஒன்றை, ஐ-321 என்ற பெயரில், கண்டுபிடித்திருந்தார்கள். முதற்கட்டச் சோதனையில் 116-இ முந்திக்கொண்டது.

அங்கிருந்து மருந்துக் குப்பிக்கு வர ஏறத்தாழ முப்பது வருடம் ஆனது. இந்திய-அமெரிக்கத் தடுப்பு மருந்துத் திட்டம், உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையத்தில் இருந்த ரோஜர் கிளாஸ், பாத் என்ற தொண்டு நிறுவனம், கேட்ஸ் அறக்கட்டளை என்று பல கைகள் சேர்ந்தன. தயாரிக்க முன்வந்தது ஹைதராபாத் பாரத் பயோடெக். அதன் நிறுவனர் கிருஷ்ணா எல்லா நம்ம திருத்தணிப் பக்கத்துக்காரர். அந்த நிறுவனம் அறிவித்த விலைதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. டோஸ் ஒரு டாலர்.

மூன்றாம் கட்டச் சோதனை 2011-ல் டெல்லி, புனே பக்கம் வடு, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் ஆரம்பமானது. வேலூரில் சிஎம்சி. அங்கே ககன்தீப் காங் என்ற மைக்ரோபயாலஜிஸ்ட் பல வருடமாக ரோட்டாவையே துரத்திக்கொண்டிருந்தவர். 2013 மே மாதம் முடிவு வந்தது. முதல் வருடத்தில் கடுமையான ரோட்டாவைத் தடுக்கும் திறன் 56 சதவீதம்.

ஐம்பத்தாறுதானா? வெளிநாட்டு மருந்து எண்பத்தைந்து என்கிறதே, இது மட்டமான சரக்கா என்று கேட்கத் தோன்றும். அப்போதே சிலர் கேட்டார்கள். ஆனால் அந்த 'நல்ல சரக்கே' ஏழை நாட்டுக்கு வந்தால் இளைத்துத்தான் போனது. ரோட்டாரிக்ஸ் தென்னாப்பிரிக்காவில் 77 சதவீதம், மலாவியில் 49. காரணம் மருந்தில் மட்டும் இல்லை, குழந்தையின் குடலிலும் இருக்கிறது. மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வில், இரண்டு தடவை ரோட்டா தொற்றிய குழந்தைக்கு அதற்கப்புறம் கடுமையாக வரவே இல்லை. வேலூர்ச் சேரிகளில் 373 குழந்தைகளை அதே மாதிரி மூன்று வருடம் பார்த்தார்கள். மூன்று தடவை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கையான நோயே முழுப் பாதுகாப்புத் தராத ஊரில் சொட்டு மருந்து மட்டும் எப்படித் தரும்? ஊட்டக்குறைவு, குடலில் ஓயாமல் வந்து போகும் மற்ற கிருமிகள், தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் பொருட்கள் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன.

இதில் மலாவிக் கணக்கு இன்னும் ஒரு பாடம் சொல்கிறது. 77 சதவீதம் பலித்த தென்னாப்பிரிக்காவில், நூறு குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தால் வருடத்தில் 4.2 கடுமையான பேதிகள் தடுக்கப்பட்டன. 49 சதவீதமே பலித்த மலாவியில் 6.7! நோய் அதிகமாக இருக்கும் இடத்தில் பாதி பலிக்கும் மருந்துகூட அதிகம் காப்பாற்றும். சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இனி ஒரு டாலர் கணக்கு. மூன்று டோஸ், இரண்டரைக் கோடிக் குழந்தைகள், டாலர் அறுபது ரூபாய் என்று வைத்தால் மருந்து மட்டும் சுமார் 450 கோடி. இருபதாயிரம் கோடிக்குப் பக்கத்தில் இது எங்கே? மறுபக்கம், 2014-ல் வந்த திருத்திய மதிப்பீடு, மருத்துவ வசதி எல்லோருக்கும் எட்டுவதாக வைத்துக்கொண்டால் ரோட்டாவுக்கு ஆகும் நேரடிச் செலவு வருடத்துக்கு 1,037 கோடி ரூபாய் என்றது. 8,72,000 குழந்தைகள் கட்டிலில், 32.7 லட்சம் பேர் வெளிநோயாளிகளாக, 78,000 சாவு. அன்றைய தடுப்பூசி வீச்சில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் 2,91,000 மருத்துவமனைச் சேர்க்கைகளும் 6,86,000 வெளிநோயாளி வருகைகளும் 27,000 சாவும் தவிரும். அதாவது கட்டில் செலவில் மூன்றில் ஒரு பங்கு, வெளிநோயாளிச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். மருந்து போய்ச் சேராத குழந்தைகளைக் கழித்துப் பார்த்தாலும் வரவுக்கும் செலவுக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும். பெரிய லாபம் ஒன்றும் நிற்காது. அமெரிக்காவில் 1998-ல் பார்த்த கதைதான் இங்கும். துறையின் பேரேட்டில் லாபம் தேடினால் கிடைக்காது. கூலி இழந்த தாயின் நோட்டையும் அந்த 27,000 வீடுகளையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

அஞ்சு சொட்டு

ரோட்டாவாக் என்ற பெயரில் 2014 ஜனவரியில் உரிமம், 2015 மார்ச்சில் பிரதமர் கையால் வெளியீடு. 2016 மார்ச்சில் ஆந்திரா, அரியானா, இமாச்சலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 2017-ல் தமிழ்நாடு உள்பட இன்னும் ஐந்து மாநிலங்கள். 2019-ல் நாடு முழுவதும். 6, 10, 14-வது வாரங்களில் மற்ற தடுப்பூசிகளோடு சேர்த்து வாயில் விடுகிறார்கள். புனே சீரம் நிறுவனத்தின் ரோட்டாசில் என்ற இன்னொரு மருந்தும் இதற்குள் வந்துவிட்டது. வெயிலைத் தாங்கும் பொடி வடிவம் அதன் சிறப்பு. நைஜரில் நடந்த சோதனையில் சுமார் 67 சதவீதம் பலன் தந்தது.

குடல் செருகல் பயம் இங்கும் இருந்தது. ரோட்டாவாக்குக்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை என்று 2020-ல் பல மாநில மருத்துவமனைகளின் ஆய்வு சொன்னது. இந்த விஷயத்தில் உலக சுகாதார நிறுவனமும் ஒரு கடினமான கணக்கைப் போட வேண்டியிருந்தது. ஆபத்தைக் குறைக்க முதல் டோஸை 15 வாரத்துக்குள்தான் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் வயது வரம்பு இருந்தது. ஏழை நாடுகளில் தடுப்பூசிக்குத் தாமதமாக வரும் குழந்தைகள்தான் அதிகம். அவர்களெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2012-ல் வந்த ஒரு கணிப்பு, வரம்பை எடுத்தால் கூடுதலாக 47,200 ரோட்டாச் சாவு தவிரும், குடல் செருகலால் கூடுதலாக 294 சாவு வரக்கூடும் என்றது. ஏழை நாடுகளுக்கு அந்த வரம்பு தளர்த்தப்பட்டது. 1999-ல் யாரும் எழுதத் துணியாத இரண்டு பத்திகளும் இந்தத் தடவை ஒரே தாளில் எழுதப்பட்டன.

இந்தியாவில் என்ன பலன்? மருந்துக்கு முன், பேதிக்காகச் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு நாற்பது பேரிடம் ரோட்டா இருந்தது. ஒன்பது மாநிலங்களின் மருத்துவமனைகளில் 2016 முதல் 2020 வரை பார்த்து 2025-ல் வெளியான ஆய்வில் அது சுமார் இருபதாகக் குறைந்திருந்தது. மருந்தின் திறன் 54 சதவீதம். சோதனையில் சொன்ன அதே பாதி, ஏறக்குறைய பிசகாமல். மருத்துவர் பான் 2020 ஜனவரி 26-ல் காலமானார்.

உலகச் சந்தையிலும் இதற்குள் ஆட்டம் மாறியிருந்தது. ஏழை நாடுகளுக்காக மொத்தமாக வாங்கும் கவி அமைப்புக்கு 2011-லேயே ஜிஎஸ்கே டோஸ் இரண்டரை டாலருக்குத் தர முன்வந்தது. மெர்க்கும் குறைந்த விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2018-ல் மெர்க், மேற்கு ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளுக்கு அனுப்பிவந்த ரோட்டாடெக்கை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அங்கே டோஸ் 3.50 டாலர், அதே சமயம் சீனாவில் புதிதாகத் திறந்த சந்தையில் 40 டாலருக்கு மேல். அந்த 2018-ல்தான் ரோட்டாவாக், ரோட்டாசில் இரண்டுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் தரச் சான்று கிடைத்தது. அதே வருடம் பாலஸ்தீனம் ரோட்டாரிக்ஸிலிருந்து ரோட்டாவாக்குக்கு மாறியது. இந்தியாவுக்கு வெளியே அந்தச் சொட்டு போன முதல் இடம் அதுதான். அதற்குப் பிறகு ஆப்பிரிக்காவில் பெனினுக்கும் கானாவுக்கும் போனது.